வெர்மான்ட்: பள்ளிக்கும் சாலைக்கும் வாக்களிக்கும் வாரம்

மார்ச் 2, 2025, ஞாயிறு. மான்ட்பீலியர்

அமெரிக்க மாநிலமான வெர்மான்ட்டுக்கு வருகிற பயணிகளில் பலர் அக்டோபரில் இலைகளின் நிறமாற்றத்தைப் பார்க்க வருகிறார்கள்; வேறு பலர் குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காக வருகிறார்கள். நான் வந்திருப்பது மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைக்காக. அன்று இம்மாநிலத்தின் பெரும்பாலான ஊர்களில் ஊர்க்கூட்டம் கூடும். சாலைக்கு எவ்வளவு, நூலகத்துக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்பதை அந்தந்த ஊர் வாக்காளர்களே முடிவு செய்வார்கள். மாநிலம் முழுவதற்கும் அது சட்டப்படியான விடுமுறை நாள்.

2020 கணக்கெடுப்பின்படி இங்கே 6,43,077 பேர் வசிக்கிறார்கள். இதைவிடக் குறைந்த மக்கள்தொகை உள்ள அமெரிக்க மாநிலம் வயோமிங் ஒன்றுதான். தலைநகரான மான்ட்பீலியரில் எட்டாயிரம் பேர்தான் இருக்கிறார்கள். நாட்டின் ஐம்பது மாநிலத் தலைநகரங்களில் மிகச் சிறியது இதுவே. பர்லிங்டன் விமான நிலையத்திலிருந்து 89-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டேன். 2023 ஜூலை வெள்ளத்தில் மூழ்கிய கடைத்தெருவில் சில கடைகள் இன்னும் திறக்கப்படவில்லை.

நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ வாழும் நம்மவர்களுக்குக் கவுன்டி என்பது பெரிய அதிகார அமைப்பாகத் தெரிந்திருக்கும். வெர்மான்ட்டில் பதினான்கு கவுன்டிகள் உண்டு. ஆனால் நீதிமன்றத்தையும் ஷெரீஃபையும் தவிர்த்துவிட்டால் அவற்றுக்கு அநேகமாக வேலையே இல்லை. மாநில அரசுக்குக் கீழே நேராக ஊர்கள்தாம் வருகின்றன. நகரங்களையும் சேர்த்தால் அவை இருநூற்று நாற்பதுக்கும் மேல். பதினெட்டாம் நூற்றாண்டில் நியூ ஹாம்ப்ஷயர் ஆளுநர் பென்னிங் வென்ட்வர்த் வரைபடத்தில் கோடு கிழித்து வழங்கிய சதுரங்கள் பல, இன்றும் அதே எல்லைகளுடன் ஊர்களாக இருக்கின்றன. சாலை பராமரிப்பு, நிலப் பத்திரப் பதிவு, வீடுகளின் மதிப்பீடு, நாய்களுக்கு ஏப்ரல் முதல் தேதிக்குள் உரிமம் வழங்குவது ஆகிய அனைத்தும் ஊரின் பொறுப்பு. மூன்று அல்லது ஐந்து பேர் கொண்ட செலக்ட்போர்டு என்ற குழு நிர்வாகத்தைக் கவனிக்கிறது. எழுத்தர் ஆவணங்களைக் காக்கிறார்.

இந்த ஊர் நிர்வாகத்தின் பக்கத்திலேயே பள்ளி மாவட்டம் என்ற தனி அரசு நிற்கிறது. அதற்குத் தனித் தேர்தல், தனிக் குழு, தனி வரவு செலவுத் திட்டம், தனி வாக்கெடுப்பு. அதன் எல்லை ஓர் ஊராகவும் இருக்கலாம், ஏழு ஊர்களாகவும் இருக்கலாம். எண்பதாயிரத்துச் சொச்சம் மாணவர்களுக்காக இந்த மாநிலத்தில் 119 பள்ளி மாவட்டங்கள் இயங்குகின்றன; அவற்றை 52 மேற்பார்வை ஒன்றியங்கள் நிர்வகிக்கின்றன. இந்த எண்ணிக்கையைக் குறைப்பதா வேண்டாமா என்பதுதான் இந்த மாதம் இங்கே எல்லார் வாயிலும் அடிபடும் பேச்சு.

மார்ச் 3, திங்கள். மான்ட்பீலியர், ராக்ஸ்பரி

தங்கமுலாம் பூசிய குவிமாடம் கொண்ட சட்டமன்றக் கட்டடம் 1859-இல் முடிக்கப்பட்டது. வார நாள் என்பதால் உள்ளே போக முடிந்தது. ஆனால் அவைகள் இரண்டும் காலி. உறுப்பினர்கள் தங்கள் ஊர்க்கூட்டங்களுக்குப் போய்ப் பேச வேண்டும் என்பதற்காக இந்த ஒரு வாரம் சட்டமன்றமே ஒத்திவைக்கப்படுகிறது. கீழவையில் 150 பேர், மேலவையில் 30 பேர். 1965 வரை கீழவையில் ஊருக்கு ஒருவர் என்ற கணக்குத்தான் இருந்தது. சில டஜன் பேர் வாழ்ந்த மலையூருக்கும் மாநிலத்தின் மிகப் பெரிய நகரமான பர்லிங்டனுக்கும் ஆளுக்கு ஓர் இருக்கை. மக்கள்தொகைப்படிதான் பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும் என்று நாட்டின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அது மாறியது. சின்ன ஊர்களின் முதல் பெரிய இழப்பு அதுதான் என்று முதியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டமன்றத்துக்குப் பக்கத்திலேயே மாநில உச்சநீதிமன்றம். பள்ளி விவகாரத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இங்கே 1997 பிப்ரவரி 5 அன்று வழங்கப்பட்ட பிரிகம் வழக்குத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதுவரை ஒவ்வோர் ஊரின் பள்ளியும் பெருமளவுக்கு அந்த ஊரின் சொத்து வரியால்தான் நடந்தது. பனிச்சறுக்கு விடுதிகளும் வெளியூர்ச் செல்வந்தர்களின் விடுமுறை இல்லங்களும் நிறைந்த ஸ்டோ போன்ற ஊர் சிறிய வரி விகிதத்திலேயே நிறையப் பணம் திரட்டியது. பால்பண்ணைகளை நம்பிய வைட்டிங் போன்ற ஊர் அதைவிட அதிக விகிதத்தில் வரி போட்டும் குறைந்த தொகையையே பெற்றது. கல்வி பெறும் வாய்ப்பைக் கணிசமான அளவுக்குச் சமமாக வழங்குவது மாநிலத்தின் அரசியல் சட்டக் கடமை என்றும், அந்தப் பொறுப்பை ஊர்களின் தலையில் கட்டிவிட முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு சட்டமன்றம் 60-ஆம் சட்டத்தை இயற்றியது. பள்ளிக்கான சொத்து வரி மாநிலம் தழுவியதாயிற்று. பணம் எல்லாம் ஒரே கல்வி நிதியில் சேர்ந்தது. இன்று அந்த நிதி ஆண்டுக்கு 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இந்த ஏற்பாட்டில் செலவை முடிவு செய்பவர்கள் ஒரு பக்கம், கட்டுபவர்கள் எல்லாப் பக்கமும். ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் வரவு செலவுத் திட்டத்தைத் தானே வாக்களித்து நிறைவேற்றுகிறது. ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவு என்பதைக் கணக்கிட்டு, அதற்கேற்ற வரி விகிதத்தை மாநிலம் நிர்ணயிக்கிறது. மாணவர்களை எண்ணும்போது வறுமை, ஆங்கிலம் தாய்மொழியல்லாத நிலை, ஊரின் தொலைவு போன்றவற்றுக்குக் கூடுதல் எடை தரப்படுகிறது. ஒரு மாணவருக்கு ஒரே அளவு செலவிடும் இரண்டு மாவட்டங்கள், ஒன்று பணக்கார மாவட்டமாகவும் மற்றொன்று ஏழை மாவட்டமாகவும் இருந்தாலும், ஒரே விகிதத்தில் வரி கட்டும். குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு, நடுத்தர வருமானம் வரை உள்ளவர்கள் வருமானத்தைப் பொறுத்துச் சலுகை பெறுகிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பள்ளிப் பணம் இன்றும் பின்கோடுக்குப் பின்கோடு மாறும் நிலையில், இது உயர்ந்த ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

சிக்கலும் இங்கேயே பிறக்கிறது. ஓர் ஊர் சிக்கனமாக இருந்தாலும் மற்ற ஊர்கள் தாராளமாகச் செலவிட்டால் எல்லார் ரசீதும் ஏறும். பெருந்தொற்றுக் காலத்தில் நியூயார்க், பாஸ்டன் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வீடுகளை வாங்கிக் குவித்ததால் சந்தை விலை எகிறியது. ஊர்ப் பதிவேட்டிலோ பழைய மதிப்பே இருந்தது. அந்த இடைவெளியைச் சரிக்கட்ட, பதிவேட்டு மதிப்பு சந்தை விலையில் எத்தனை பங்கு என்று பார்த்து, அதனால் வரி விகிதத்தை மாநிலம் வகுக்கிறது. அதனால் செலவு ஏறாத ஊரிலும் வரி விகிதம் ஏறுகிறது. 2023 டிசம்பரில் மாநில வரித்துறை வெளியிட்ட முன்கணிப்பு, சராசரியாக 18.5 விழுக்காடு உயர்வு வரலாம் என்றது. 2024 மார்ச் வாக்கெடுப்பில் பள்ளித் திட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று தோற்றது. அதே ஆண்டு நவம்பரில், ஆளுநரின் மறுப்பாணையை மீறும் பலத்தை ஜனநாயகக் கட்சி சட்டமன்றத்தில் இழந்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் ஃபில் ஸ்காட் கடந்த ஜனவரியில் தன் திட்டத்தை முன்வைத்தார்: 119 மாவட்டங்களுக்குப் பதிலாக ஐந்தே ஐந்து.

பிற்பகலில் தெற்கே 12ஏ சாலையில் ராக்ஸ்பரி வழியாக வந்தேன். எழுநூறு பேருக்கும் குறைவானவர்கள் வாழும் ஊர். 2015-இல் வந்த 46-ஆம் சட்டம், குறைந்தது 900 மாணவர்கள் கொண்ட மாவட்டங்களாக இணையும்படி ஊர்களை ஊக்குவித்தது; இணைந்தவர்களுக்கு வரிச் சலுகை தந்தது; இணையாத பலரை 2018-இல் மாநிலக் கல்வி வாரியத்தின் ஆணையால் இணைத்தது. ராக்ஸ்பரி தன் விருப்பத்தோடுதான் மான்ட்பீலியருடன் சேர்ந்தது. 2024-இல் கிராமப் பள்ளி மூடப்பட்டது. சிறுவர்கள் இப்போது பேருந்தில் தலைநகருக்குப் போகிறார்கள். கூட்டு மாவட்டத்தின் வாக்காளர்களில் ராக்ஸ்பரிக்காரர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பதால், அந்த முடிவை அவர்களால் மட்டும் தடுத்திருக்க முடியாது. பூட்டிய கட்டடத்தைச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டு ராண்டால்ஃபுக்குத் தங்கப் போய்விட்டேன்.

மார்ச் 4, செவ்வாய். ஆரஞ்சு கவுன்டியில் ஒரு மலையூர்

ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று என்னை அழைத்துச் சென்றவர் கேட்டுக்கொண்டார். காலை பத்து மணிக்குக் கூட்டம். வாசலில் வாக்காளர் பட்டியலோடு இருவர் அமர்ந்திருந்தார்கள். பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு வண்ண அட்டை ஒன்று கிடைத்தது. எனக்குச் சுவரோரப் பெஞ்சில் இடம். வாக்காளர் அல்லாதவர்கள் பேச வேண்டுமானால் அவையின் ஒப்புதல் தேவை; நான் பேசும் எண்ணத்தோடு போகவில்லை. பின்பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் சுற்றுலாச் செலவுக்காகச் சூப்பும் ஆப்பிள் பை என்ற பலகாரமும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொருவர் கையிலும் ஊரின் ஆண்டறிக்கைப் புத்தகம் இருந்தது. லாரிக்குப் போட்ட டயர் முதல் நூலகத்துக்கு வாங்கிய விறகு வரை அதில் கணக்கு உண்டு; வரி பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களும் உண்டு. கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் பொருள்கள் எல்லாம் முப்பது நாட்களுக்கு முன்பே பொது இடங்களில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஒட்டாத எதையும் இங்கே முடிவு செய்ய முடியாது. முதல் பொருள், கூட்டத்தை நடத்துபவரைத் தேர்ந்தெடுப்பது. பல ஆண்டுகளாக நடத்திவரும் ஒருவரையே மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அவையில் இருந்த அனேகரையும் பெயர் சொல்லியே அழைத்தார். ஆனால் வாதிட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசாமல் அவரைப் பார்த்தே பேச வேண்டியிருந்தது. கோபம் அடங்குவதற்கு இந்த விதி எவ்வளவு உதவுகிறது என்பதை அடுத்த மூன்று மணி நேரத்தில் கண்டேன்.

பெரிய விவாதம் சாலைக்கு. வெர்மான்ட்டின் சாலைகளில் மிகப் பெரும்பகுதி ஊர்களின் பராமரிப்பில் உள்ளவை. அவற்றில் பாதிக்கு மேல் தார் காணாதவை. மார்ச் கடைசியில் பனி உருகத் தொடங்கினால் அவை சேறாகி, பள்ளிப் பேருந்துகூட ஏற முடியாத நிலை வரும். பழைய பனித்தள்ளு லாரியை மாற்றச் செலக்ட்போர்டு பணம் கேட்டிருந்தது. இன்னும் ஒரு வருடம் ஓட்டலாமே என்றார் ஒரு பால்பண்ணைக்காரர். சாலைப் பணித் தலைவர் எழுந்து, சென்ற ஆண்டு அதன் பழுதுபார்ப்புக்கு ஆன செலவைப் புத்தகத்தின் பக்க எண்ணோடு சொன்னார். தொகையைக் குறைக்கும் திருத்தம் ஒன்று வந்தது. குரல் வாக்கெடுப்பில் தோற்றது என்று நடத்துபவர் அறிவித்ததும் ஒரு பெண்மணி ஐயம் எழுப்பினார். ஒருவர் ஐயம் எழுப்பினாலே எண்ணிப் பார்க்க வேண்டும், ஏழு பேர் கேட்டால் சீட்டு வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது சட்டம். எல்லாரும் அட்டைகளை உயர்த்த, எண்ணினார்கள். திருத்தம் தோற்றது, லாரி வந்துவிடும். தோற்ற பக்கத்தில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அதன் பிறகு வீடுதேடி வரும் செவிலியர் சேவைக்கும், முதியோர் உணவுக்கும், நூலகத்துக்கும் சிறு தொகைகள் வேகமாக நிறைவேறின. வேலித் தகராறுகளைத் தீர்க்கவென்று வேலிப் பார்வையாளர்களை நியமிக்கும் பழைய சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது என்பதை உணவு இடைவேளையில் ஒரு முதியவர் சொன்னார். அவரே அந்தப் பதவியில் இருக்கிறார். கடைசியாக எப்போது அழைத்தார்கள் என்று கேட்டேன். சிரித்தாரே தவிர விடை சொல்லவில்லை.

நான் காத்திருந்த பள்ளி விவாதம் வரவே இல்லை. மண்டபத்தின் ஒரு மூலையில், தடுப்புக்குப் பின்னால், வாக்குப்பெட்டி ஒன்று இருந்தது. பள்ளி வரவு செலவுத் திட்டத்துக்கான வாக்கு அந்தப் பெட்டிக்குள் போகிறது. காரணம் எளியது. 46-ஆம் சட்டத்துக்குப் பிறகு இந்த ஊரின் பள்ளி, பல ஊர்கள் சேர்ந்த மாவட்டத்தின் பகுதி ஆகிவிட்டது. ஊர்கள் எல்லாம் ஒரே மண்டபத்தில் கூட முடியாது என்பதால் ரகசிய வாக்குச்சீட்டுக்கு மாறிவிட்டார்கள். சீட்டில் தொகை அச்சாகியிருக்கும்; ஆம் அல்லது இல்லை என்று மட்டும் குறிக்கலாம். வாக்கெடுப்புக்கு முந்தைய பத்து நாட்களுக்குள் விளக்கக் கூட்டம் ஒன்றை நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த மாவட்டத்தின் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் குழு உறுப்பினர்களும் பள்ளி ஊழியர்களும்தாம் என்று என் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை சொன்னார்.

இங்கே ஒரு வீட்டுக்காரர் கட்டும் சொத்து வரியில் பெரும்பகுதி பள்ளிக்குத்தான் போகிறது. லாரிக்கு ஒரு மணி நேரம் வாதாடிய அதே மனிதர்கள், அதைவிடப் பல மடங்கு பெரிய பள்ளித் தொகையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். முன்பெல்லாம் பள்ளிக் குழுவினர் இதே மேடையில் நின்று, இசை ஆசிரியர் எதற்கு, கூரையை இந்த வருடமே மாற்ற வேண்டுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்றார் அந்த ஆசிரியை. பதில் பிடித்தால் தொகையைக் கூட்டியும் கொடுத்திருக்கிறார்களாம்.

பெட்டிக்கும் நியாயம் உண்டு. வார நாளில் பகல் முழுவதும் உட்கார முடியாத செவிலியரும், பனிமலை விடுதியில் வேலை பார்ப்பவரும், கைக்குழந்தைக்காரியும் மண்டபத்துக்கு வர முடியாது. வெர்மான்ட் பல்கலைக்கழக அரசியல் அறிஞர் ஃபிராங்க் பிரையன் தன் மாணவர்களோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்க்கூட்டங்களை ஆராய்ந்தபோது, சராசரியாக வாக்காளர்களில் ஐந்தில் ஒருவரே கலந்துகொண்டதாகக் கண்டார். இன்று நான் பார்த்த கூட்டத்திலும் நரைத்த தலைகளே அதிகம். இருந்தாலும், ஒரு தொகை ஏன் அந்தத் தொகையாக இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பின் வாக்களித்த ஐந்தில் ஒருவரையும், வரி ரசீதின் மேல் உள்ள கோபத்தில் இல்லை என்று குறித்த வாக்காளரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 5, புதன். நார்விச்

பெரும்பாலான பள்ளித் திட்டங்கள் நேற்று வென்றுவிட்டன. சென்ற ஆண்டின் அடிக்குப் பிறகு பள்ளிக் குழுக்கள் ஆட்களைக் குறைத்துத்தான் வாக்காளர்களிடம் வந்திருந்தன.

கனெக்டிகட் ஆற்றங்கரையில் உள்ள நார்விச்சின் உயர்நிலைப் பிள்ளைகள் பாலத்தைக் கடந்து நியூ ஹாம்ப்ஷயரின் ஹனோவருக்குப் போகிறார்கள். இரண்டு மாநில ஊர்களும் சேர்ந்து அமைத்த டிரெஸ்டன் பள்ளி மாவட்டம், நாட்டில் மாநில எல்லையைத் தாண்டி உருவான முதல் பள்ளி மாவட்டம். மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம் என்பதால் நாடாளுமன்ற ஒப்புதல் தேவைப்பட்டது. 1963 நவம்பரில், கொல்லப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், அதிபர் கென்னடி அதில் கையெழுத்திட்டார். நிலத்துக்குப் பொருந்தும் எல்லையை மக்களே தேடிக்கொண்ட இணைப்பு இது. ஐந்து மாவட்ட வரைபடத்தில் இதை எங்கே பொருத்துவார்கள் என்று நான் கேட்டவர்கள் தோளைக் குலுக்கினார்கள்.

வடக்கே சற்றுத் தொலைவில் 1819-இல் தொடங்கிய தெட்ஃபர்டு அகாடமி இருக்கிறது. சொந்த உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊர்கள், பிள்ளைகள் வேறெங்காவது படிக்கக் கட்டணம் செலுத்தும் வழக்கம் இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. பெற்றோர் விரும்பும் பொதுப் பள்ளிக்கோ, இதைப் போன்ற தனி அகாடமிக்கோ அந்தப் பணம் போகலாம். அந்த உரிமையால்தான் குடும்பங்கள் குடிவருகின்றன என்று சில ஊர்களில் வீட்டுத் தரகர்கள் விளம்பரமே செய்கிறார்கள். மாவட்டங்களை இணைத்தால், பள்ளி நடத்தும் ஊரும் கட்டணம் செலுத்தும் ஊரும் ஒரே மாவட்டத்துக்குள் வரும். அப்போது யாருக்கு எந்த உரிமை என்ற கேள்விக்கு மான்ட்பீலியரில் இன்னும் விடை இல்லை.

மார்ச் 6, வியாழன். ரிப்டன்

ஹான்காக்கிலிருந்து 125-ஆம் எண் சாலை பச்சை மலைத் தொடரைக் கடந்து மேற்கே இறங்குகிறது. இறக்கத்தில் ரிப்டன். கவிஞர் ராபர்ட் ஃபிராஸ்ட் தம் கடைசி இருபத்துச் சொச்சம் கோடைக்காலங்களைக் கழித்த ஊர். நான் வந்தது அதன் தொடக்கப் பள்ளிக்காக.

46-ஆம் சட்டத்தின்படி மிடில்பரியும் அதைச் சுற்றியுள்ள ஆறு ஊர்களும் ஒரே மாவட்டமாயின. மாணவர் எண்ணிக்கை குறையக் குறைய, சிறிய பள்ளிகளை மூடும் பேச்சு எழுந்தது. 2021 ஜனவரியில் ரிப்டன் மக்கள் விலக வாக்களித்தார்கள். மற்ற ஆறு ஊர்களும் ஒப்புதல் தந்தன. அண்டை ஊர்க்காரர்கள், தங்கள் வரி ஏறக்கூடும் என்று தெரிந்தும், ரிப்டன் போக விரும்பினால் போகட்டும் என்று வாக்களித்தார்கள் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. விடுதலை கிடைத்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. கண்காணிப்பாளரும், சிறப்புக் கல்வியும், பேருந்தும், கணக்காளரும் மேற்பார்வை ஒன்றியத்தின் வழியாகத்தான் ஒரு பள்ளிக்குக் கிடைக்கும். ரிப்டனைச் சேர்த்துக்கொள்ள எந்த ஒன்றியமும் முன்வரவில்லை. சில டஜன் பிள்ளைகளுக்காகத் தனியொரு ஒன்றியத்தையே நடத்த வேண்டிய நிலை வந்தது. 2022-இல் ஊர் மறுபடியும் வாக்களித்து, விட்டுவந்த மாவட்டத்துக்கே திரும்பியது.

தபால் நிலையத்துக்கு வந்திருந்த ஒரு தாய், பள்ளி இன்னும் திறந்திருப்பதே எங்களுக்குக் கிடைத்த பலன் என்றார். தனியாகப் போராடிய அந்த ஓராண்டில், பள்ளிக் குழுவில் இருந்தவர்கள் சம்பளமில்லாமல் இரவு இரவாகச் சட்டப் பிரிவுகளைப் படித்தார்கள் என்றும் சொன்னார். ஐந்து மாவட்டத் திட்டம் நிறைவேறினால், மிடில்பரிக்குப் போய் வாதாடியதைப் போல வேறெங்கோ போய் வாதாட வேண்டும். எங்கே என்று தெரிந்தால் போதும், வண்டி ஓட்டத் தயார் என்றார்.

பின்சேர்க்கை, ஜூலை 2025

ஜூலை முதல் தேதி ஆளுநர் 73-ஆம் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்து என்ற எண் அதில் இல்லை. புதிய மாவட்ட எல்லைகளுக்கான வரைபடங்களை முன்மொழிய ஒரு பணிக்குழு அமைக்கப்படும். அதன் பிறகு சட்டமன்றம் முடிவெடுக்கும். வகுப்புகளுக்குக் குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கையும் சட்டத்தில் வந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு மாவட்டமும் தானே வாக்களித்துத் தீர்மானிக்கும் செலவுக்குப் பதிலாக, மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலமே தொகையை நிர்ணயிக்கும் முறை சில ஆண்டுகளில் வரவேண்டும் என்பது ஏற்பாடு. அது நடைமுறைக்கு வரும் வரை மார்ச் வாக்கெடுப்பு வழக்கம்போல் நடக்கும். அடுத்தது 2026 மார்ச் 3.